யாருடைய அன்றாடம்?

"ஒரு நாளைக்குப் 10 சொல். வருசம் முடிய 3,650 சொல். சொல் சேர்ந்தால் வசனம் வரும். வசனம் வந்தால் வாய் தானாகத் திறக்கும்."

யாழ்ப்பாணத்தில் பிள்ளையின் ஆங்கிலத்தைப் பற்றி எந்தப் பெற்றோரிடம் கதைத்தாலும் இந்தக் கணக்கு வந்துவிடும். ரியூட்டறி மதில்களில் ஒட்டிய நோட்டீசு இதைத்தான் சொல்கிறது. புத்தகக் கடையில் முன்வரிசையில் அடுக்கியிருக்கும் 'அன்றாட ஆங்கிலம்' புத்தகங்களும் கைத்தொலைபேசியில் ஓடும் காணொளிகளும் இதையே சொல்கின்றன. இந்தக் கணக்கோடு இன்னும் மூன்று நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்தப் பட்டியல் உலகத்தில் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது ஒன்று. வகுப்புக்குள் தமிழ் வந்தால் ஆங்கிலம் வராது என்பது இன்னொன்று. இவ்வளவு செய்தும் பிள்ளை பேசவில்லை என்றால் குற்றம் பிள்ளையின் கூச்சத்தில் என்பது கடைசி.

இந்த நான்கையும் நான் மறுக்கிறேன். நல்ல மனதோடு சொல்லப்படுகின்றன என்பது எனக்குத் தெரியும். பெற்றோர் கடன்பட்டுக் காசு கட்டுகிறார்கள், ஆசிரியர்கள் தொண்டை வரளக் கத்துகிறார்கள், பிள்ளைகள் நித்திரை முழிக்கிறார்கள். ஆனால் இவ்வளவு உழைப்பும் பிழையான நிலத்தில் விழுகிறது என்றால், அதைச் சொல்லாமல் இருப்பது துரோகம்.

கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் சில பிள்ளைகள் வந்து ஆங்கிலம் படிப்பார்கள். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன் புதிதாக வந்தான். கையில் ஒரு மொத்தக் கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு, இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்க் கருத்து. இலக்கம் 1,140 வரை வந்திருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுப் பார்த்தேன். பத்துக்கு எட்டுச் சரியாகச் சொன்னான். கெட்டிக்காரப் பிள்ளை.

"சரி, உன்ர அப்பாவைப் பற்றிச் சொல்லு" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நிமிர்ந்து நின்று மூச்சு விடாமல் சொன்னான்: "மை ஃபாதர் இஸ் எ பாங்க் மனேஜர். ஹி கோஸ் டு ஒஃபிஸ் பை கார்."

அவனுடைய தகப்பன் நண்டுத் தொழிலுக்குப் போகிறவர். எனக்கு அது தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். பிள்ளை பொய் சொல்லவில்லை. பாடமாக்கிய பந்தியில் அப்பா என்பவர் வங்கி முகாமையாளராக இருந்தார், அவ்வளவுதான். ஆங்கிலம் என்பது உண்மையைச் சொல்லும் மொழி அல்ல, கொப்பியில் இருப்பதைச் சொல்லும் மொழி என்று யாரோ அந்தப் பிள்ளைக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

"தம்பி, தமிழிலயே சொல்லு. அப்பா விடியப்புறம் எழும்பி என்ன செய்வார்?"

பிள்ளை மளமளவென்று சொல்லத் தொடங்கினான். "மூண்டு மணிக்கு எழும்புவார். அம்மா தேத்தண்ணி குடுப்பா. வள்ளத்தில பரவைக் கடலுக்குள்ள போய், முதல் நாள் விட்ட வலையை எடுப்பார். வலையில இருந்து நண்டு கழட்டிறதுதான் கஷ்டம், சேர். கால் முறிஞ்சால் விலை போகாது. லீவு நாளில நானும் கழட்டுவன்."

அதை அப்படியே வைத்துக்கொண்டு வசனம் வசனமாக ஆங்கிலத்துக்கு வந்தோம். அவன் என்னிடம் கேட்ட சொற்கள் மூன்று. பரவைக் கடலுக்கு 'லகூன்', நண்டின் கடிக்கும் காலுக்கு 'க்ளோ', சிக்கு எடுப்பதற்கு 'அன்டாங்கிள்'. அந்த 1,140 சொல்லுக்குள் இந்த மூன்றும் இல்லை. அன்று எழுதிய ஒன்பது வசனங்களையும் ஒரு கிழமைக்குப் பிறகு கொப்பியைப் பாராமலே சொன்னான். பாடமாக்கு என்று நான் சொல்லியிருக்கவில்லை.

இனி அந்த நான்கு நம்பிக்கைகளுக்கும் வருவோம்.

முதலாவது, சொல் சேர்ந்தால் வசனம் வரும் என்பது. இது பொய் என்பதற்கு யாழ்ப்பாணத்துக்கு வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினார்கள். நாற்பது வருசத்துக்குள் எங்கள் வீட்டுக்குள் எத்தனை சொற்கள் வந்து குடியேறின! கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சாவி, பாண், சப்பாத்து, துவாய் எல்லாம் போர்த்துக்கேயம். பின்னால் வந்த ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் கந்தோர். யன்னலைத் திறந்துவிட்டுக் கதிரையில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிடுகிற ஒவ்வொரு காலையும் நாங்கள் போர்த்துக்கேயச் சொற்களில்தான் வாழ்கிறோம். ஆனால் அந்தச் சொற்களைக் கொண்டு ஒரு லிஸ்பன்காரனோடு இரண்டு வசனம் கதைக்க எங்களால் முடியாது. சொற்கள் வந்தன, மொழி வரவில்லை. வந்த சொற்கள் தமிழின் வேற்றுமையையும் தமிழின் வினையையும் கட்டிக்கொண்டு தமிழாகவே நின்றுவிட்டன. ஆங்கிலச் சொற்களை ஆயிரக்கணக்கில் பாடமாக்கும் பிள்ளைக்கு நடப்பதும் இதுதான்.

சொல்லுக்குச் சொல் கருத்து எழுதும் கொப்பி ஏன் கைகொடுப்பதில்லை என்பதை ஒரு சின்னச் சொல்லை வைத்தே பார்க்கலாம். 'போடு' என்ற சொல்லை எடுங்கள். சட்டை போடுகிறோம், தேத்தண்ணி போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், லைட்டைப் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிறோம். கொப்பியில் 'புட் என்றால் போடு' என்று எழுதியிருக்கும். அந்த ஏழில் ஒன்றுக்கும் வெறும் 'புட்' சரிவராது. சட்டைக்கு 'புட் ஒன்', தேத்தண்ணிக்கு 'மேக்', கையெழுத்துக்கு 'சைன்', லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஒன்', பூட்டுக்கு 'லொக்', சண்டைக்கு 'ஃபைட்', ஊசிக்கு 'கிவ்'. மற்றப் பக்கத்தில் இருந்து 'டேக்' என்ற சொல்லை எடுங்கள். ஆங்கிலத்தில் மருந்தும் 'டேக்', பஸ்ஸும் 'டேக்', படமும் 'டேக்', பரீட்சையும் 'டேக்'. தமிழில் மருந்து குடிக்கிறோம், பஸ்ஸில் போகிறோம், படம் எடுக்கிறோம், சோதனை எழுதுகிறோம். ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்று கோடு கீறிய கொப்பி இந்த இடத்தில் பிள்ளைக்கு உதவாது. உதவாதது மட்டுமல்ல, பிழையான வழியில் கொண்டுபோய் விடும்.

பட்டியல்காரர்களுக்குப் பெரிய பெயர்களின் துணை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். சி. கே. ஒக்டன் 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று 850 சொற்களைக் கொண்ட ஒரு சின்ன ஆங்கிலத்தை வெளியிட்டார். மைக்கேல் வெஸ்ட் 1953இல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்ட பொதுப் பாவனைப் பட்டியலை வெளியிட்டார். இந்த இரண்டையும் காட்டி, "பார், 2,000 சொல் போதும் என்று அறிஞர்களே சொல்லிவிட்டார்கள்" என்பார்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒக்டனுடைய 850இல் வினைச்சொற்கள் 18 மாத்திரம். கம், கோ, கெட், கிவ், புட், டேக் போன்றவை. மற்ற வினைகள் எல்லாவற்றையும் இந்தப் பதினெட்டையும் சின்னச் சொற்களோடு சேர்த்தே சொல்ல வேண்டும். கைவிடுவதற்கு 'கிவ் அப்', தள்ளிப்போடுவதற்கு 'புட் ஓஃப்'. 'கிவ்' தெரிந்த பிள்ளைக்கும் 'அப்' தெரிந்த பிள்ளைக்கும் 'கிவ் அப்' தெரியாது. சொல்லைக் குறைத்தபோது சேர்க்கை பெருகியது. ஒக்டனுடைய பட்டியலே, மொழி சொல்லில் இல்லை, சொல்லின் சேர்மானத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

வெஸ்ட்டின் கதை இன்னும் எங்களுக்குக் கிட்டியது. அவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர், வங்காளப் பிள்ளைகளின் இருமொழிக் கல்வியைப் பற்றி 1926இல் புத்தகம் எழுதியவர். பிள்ளைகள் தாங்களாகவே ஆங்கிலத்தில் கதை வாசித்து மகிழ வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. வாசிப்புப் புத்தகம் எழுதுகிறவர் எந்தச் சொல்லை முதலில் கொண்டுவரலாம், எதைப் பிந்தி வைக்கலாம் என்று தெரிந்துகொள்ளவே சொற்பட்டியல் வேண்டியிருந்தது. அதனால்தான் ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் பல பொருள்களையும், ஒவ்வொரு பொருளும் எந்த அளவுக்கு வருகிறது என்பதையும் அவருடைய பட்டியல் காட்டுகிறது. எழுதுகிறவரின் மேசையில் இருக்க வேண்டிய கருவியைக் கொண்டுவந்து பிள்ளையின் தலையில் கவிழ்த்தது பிறகு வந்தவர்கள் செய்த வேலை.

இரண்டாவது நம்பிக்கை, அந்தப் பட்டியல் எல்லாருக்கும் ஒன்று என்பது. உதாரணத்துக்கு, வியட்நாமில் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கும் இதே மாதிரி 'அன்றாட ஆங்கிலம்' இருக்கிறது. வாழ்த்து, நன்றி, கடையில் விலை கேட்பது, ஹோட்டலில் அறை எடுப்பது, விமான நிலையத்தில் வழி கேட்பது. இடது பக்கம் அப்படியே இருக்கும், வலது பக்கம் மாத்திரம் தமிழுக்குப் பதில் வியட்நாமியம். இப்படி வலது பக்கத்தை மட்டும் மாற்றி உலகம் முழுவதற்கும் விற்கக்கூடிய ஒரு பொருளை மொழிப்பாடம் என்று நம்பலாமா?

ஹனோயில் இருக்கும் பிள்ளையையும் கொழும்புத்துறைப் பிள்ளையையும் பக்கத்தில் இருத்திப் பாருங்கள். 'நான் நேற்று சந்தையில் மீன் வாங்கினேன்' என்பதை வியட்நாமியத்தில் சொன்னால் 'நான், வாங்கு, மீன், இல், சந்தை, நேற்று' என்ற ஒழுங்கில் நிற்கும். ஆங்கிலத்திலும் ஏறத்தாழ அதே ஒழுங்குதான். ஆகவே அந்தப் பிள்ளை சொற்களைப் பாடமாக்கித் தன் மொழியின் ஒழுங்கில் அடுக்கினாலே கேட்கிறவருக்கு விளங்கும் ஒரு வசனம் வந்துவிடும். எங்கள் பிள்ளை தன் மொழியின் ஒழுங்கில் அடுக்கினால் 'ஐ யெஸ்டர்டே மார்க்கெட் இன் ஃபிஷ் போட்' என்று வரும். தமிழில் வினை கடைசியில் வந்து வசனத்தை முடிக்கும், ஆங்கிலத்தில் இரண்டாம் இடத்தில் வந்து நிற்கும். தமிழில் 'இல்' சந்தைக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் முன்னால் தனியாக வரும். 'நேற்று வந்த பெடியன்' என்று நாங்கள் சொல்வதை ஆங்கிலம் பெடியனை முன்னே விட்டு, வந்ததைப் பின்னே சொல்கிறது. சொற்பட்டியல் எங்கள் பிள்ளைக்கு இந்தத் திருப்பங்களில் ஒன்றைக்கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை.

வியட்நாமியப் பிள்ளையின் சிரமம் வேறு இடத்தில். அந்த மொழியில் வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ உருமாறுவதில்லை. சொல்லின் கடைசியில் 'ஸ்' ஒலி வருவதும் இல்லை. அதனால் ஆங்கிலத்தின் பன்மையும் 'கோஸ்', 'ஈட்ஸ்' என்ற வினை விகுதிகளும் அந்தப் பிள்ளையின் வாயில் விழுந்துபோகும். எங்கள் பிள்ளைக்கு 'போகிறேன், போனேன், போவேன்' என்று காலமும் இடமும் இரத்தத்திலேயே இருக்கின்றன. 'ஹி கோஸ்' என்பதில் வரும் 'ஸ்' எங்கள் 'ஆன்' விகுதியைப் போல ஆளைக் காட்டும் அடையாளம் என்று ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொள்ளும். தலையிடிக்காரனுக்கும் கால்நோவுக்காரனுக்கும் ஒரே எண்ணெயை ஒரே இடத்தில் பூசுகிற வைத்தியரிடம் நாங்கள் போவோமா?

மூன்றாவது நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் கூடிய கெடுதல் செய்கிறது. வகுப்புக்குள் தமிழ் வரக்கூடாது என்பது. தமிழ் கதைத்தால் தண்டம் கட்ட வைக்கும் வகுப்புகள் இருக்கின்றன. என்னிடம் வந்த ஒரு பிள்ளை அப்படி ஒரு வகுப்பில் ஆறு மாதம் இருந்திருக்கிறாள். அந்த ஆறு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது வாயை மூடிக்கொண்டு இருப்பதை. தமிழ் கதைத்தால் காசு, ஆங்கிலம் கதைத்தால் பிழை, பேசாமல் இருந்தால் ஆபத்தில்லை என்று கண்டுகொண்டாள்.

தமிழைப் பக்கத்தில் வைக்காமல் சொல்லிக்கொடுக்க முடியாத விசயங்கள் இருக்கின்றன. 'எனக்குப் பசிக்குது', 'எனக்கு விளங்கேல்லை', 'எனக்குத் தெரியாது' என்று நாங்கள் சொல்கிறோம். பசியும் விளக்கமும் எங்களிடம் வந்து சேர்பவை, நாங்கள் செய்பவை அல்ல. ஆங்கிலம் இந்த மூன்றையும் 'ஐ' என்று தொடங்கும். 'எனக்கு' வருகிற இடத்தில் பலமுறை ஆங்கிலம் 'நான்' என்று தொடங்கும் என்று ஒரு வசனத்தில் தமிழில் சொல்லிவிட்டால் பிள்ளை ஒரு வருசத்துப் பிழையில் இருந்து தப்பும். ஆங்கிலத்திலேயே நூறு தரம் உதாரணம் சொன்னாலும் அந்தத் தெளிவு வராது.

மரியாதையும் அப்படித்தான். எங்களுக்கு 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு, நடுவில் நிற்கும் 'நீர்' உண்டு. 'கதவைத் திறவுங்கோ' என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த 'ங்கோ'வில் எல்லா மரியாதையும் இருக்கிறது. பட்டியலில் அதற்கு நேராக 'ஓப்பின் த டோர்' என்று இருக்கும். அதை ஒரு வெள்ளைக்காரரிடமோ கொழும்பில் ஒரு அதிகாரியிடமோ சொன்னால் கட்டளையாகக் கேட்கும். எங்கள் பிள்ளை மரியாதை கெட்டவன் என்று பெயர் வாங்குவான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். ஆகவே அந்த மொழி மரியாதையை வேறு இடத்தில் வைத்திருக்கிறது, 'குட் யூ' என்று கேள்வியாகத் தொடங்குவதில், 'வுட் யூ மைன்ட்' என்று தயங்குவதில். "உன்ர 'ங்கோ' இங்கே முன்னுக்கு வருது" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் முகம் வெளிக்கும்.

விடைபெறும் நேரத்துக்கு வாருங்கள். எங்களில் யாரும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டுவதில்லை. 'போட்டு வாறன்' என்போம். சிங்களவரும் 'கிஹின் என்னம்' என்று அதையே சொல்கிறார்கள். அதனால் இந்த நாட்டு ஆங்கிலத்தில் 'ஐ வில் கோ அன்ட் கம்' என்ற வசனம் பிறந்தது. பட்டியல்காரர் இதைக் கண்டால் சிவப்பு மையால் கீறுவார். நான் கீறுவதில்லை. அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, வெளிநாட்டுக்காரருக்கு ஏன் அது விளங்காது, அவரிடம் அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்று சொல்லிக்கொடுக்கிறேன். இலங்கை ஆங்கிலத்துக்கென்று மைக்கேல் மெய்லர் 2007இல் ஓர் அகராதியே வெளியிட்டிருக்கிறார். எங்கள் வாயில் பிறந்த ஆங்கிலத்தைப் பிழை என்று மட்டும் பார்ப்பவர்கள் மொழியைப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் எப்படி வேரூன்றியது என்பதையும் நினைக்க வேண்டும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே படிப்பிக்கப்பட்டன. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிறகு பழந்தமிழ் நூல்களை ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் ஆங்கிலம் படித்தார், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார், விவிலியத்தைத் தமிழாக்கும் வேலையில் பாதிரியாருக்குத் துணை நின்றார். 1841இல் வெளிவந்த 'உதயதாரகை' ஒரே பத்திரிகையில் இரண்டு மொழியையும் அச்சிட்டது. மற்றத் திசையில் பார்த்தால், 1847இல் அமெரிக்காவில் இருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழைக் கற்று, மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். இவர்களில் ஒருவரும் ஒரு மொழிக்காக மற்ற மொழியின் வாயை அடைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருப்பதை மற்றதில் எப்படிச் சொல்வது என்று இரவு பகலாக யோசித்தார்கள். அந்த யோசனைதான் அவர்களுடைய ஆங்கிலம். அதுவேதான் அவர்களுடைய தமிழும்.

"அதெல்லாம் பெரிய மனிதர்களின் கதை. நாங்கள் பட்டியல் பாடமாக்கித்தான் ஆங்கிலம் படித்தோம், எங்களுக்கு என்ன குறை?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆங்கில மூலம் படித்த தலைமுறைக்குச் சரித்திரம், பூமிசாஸ்திரம், கணக்கு எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் கழிந்த ஒவ்வொரு மணித்தியாலத்திலும் ஏதாவது ஒன்றை அறிவதற்காக, ஏதாவது ஒன்றைச் சொல்வதற்காக ஆங்கிலத்தைப் பாவித்தார்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து, பிறகு தாய்மொழியில் கற்பித்தல் படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் போனது. அது நீதியான முடிவு. கடற்றொழிலாளியின் பிள்ளைக்கும் தோட்டக்காரனின் பிள்ளைக்கும் பல்கலைக்கழக வாசல் திறந்தது அதனால்தான். ஆனால் ஆங்கிலம் அன்றிலிருந்து கிழமைக்குச் சில பாடவேளைகளாகச் சுருங்கியது. முழு நாளும் ஆங்கிலத்தில் இருந்தவருக்குப் பட்டியல் கறிக்கு உப்புப் போல இருந்தது. இன்றைய பிள்ளைக்குக் கறியை எடுத்துவிட்டு உப்பை மட்டும் தின்னக் கொடுக்கிறோம்.

பாடமாக்குவதை நான் வெறுக்கவில்லை. தேவாரம் பாடமாக்கி வளர்ந்த சமூகம் நாங்கள், வாய்ப்பாடு இன்றைக்கும் எங்கள் நாக்கு நுனியில். ஆனால் தேவாரத்தைப் பாடமாக்கியது எங்கள் சொந்த மொழியில். பொருள் பிந்தி விளங்கினாலும் வசனத்தின் ஓட்டம் எங்களுக்குள் முதலே இருந்தது. தெரியாத மொழியின் துண்டுகளைப் பாடமாக்கும்போது அந்த ஓட்டம் இல்லை.

வெளிநாடு போகிறவர்களுக்காவது பட்டியல் உதவும் என்பார்கள். 2010 நவம்பரில் இருந்து பிரித்தானியாவில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விண்ணப்பிக்கிறவர்கள் பொதுவாக அடிப்படை ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதுகிறார்கள். அதன் பேச்சுப் பரீட்சை 11 தொடக்கம் 14 நிமிடம். பரீட்சகர் பெரும்பாலும் கேட்பது உங்கள் ஊர், உங்கள் வீடு, நீங்கள் கடைசியாகப் போன பயணம், உங்களுக்குப் பிடித்த ஒருவர். பாடமாக்கி வந்த பதிலை அடையாளம் காண அவர்கள் பயிற்றப்பட்டிருக்கிறார்கள். அப்படி ஒப்புவித்தால் புள்ளி குறையும். அந்தப் பரீட்சை கேட்பது எங்களுடைய நாளைத்தான். நாங்கள் கொண்டுபோவதோ வேறொருவருடைய நாளை.

கடைசி நம்பிக்கை, பிள்ளையின் கூச்சம். "வெட்கத்தை விட்டால் பேச்சு வரும்" என்று எவ்வளவு இலேசாகச் சொல்லிவிடுகிறோம்! தெற்கில் சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று பொருள். தங்களை வெட்டுகிற வாள். அந்தச் சொல்லை நாங்கள் பாவிப்பதில்லை, ஆனால் வெட்டு எங்களுக்கும் பட்டிருக்கிறது. ஒரு பிள்ளை வகுப்பில் எழும்பி நாலு சொல் சொல்லும்போது சிரித்தது யார்? கலியாண வீட்டில் ஒருவர் பிழையாக ஒரு வசனம் சொன்னதைப் பல வருசம் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது யார்? கூச்சத்தைப் பிள்ளை பிறக்கும்போது கொண்டுவரவில்லை. நாங்கள் கொடுத்தோம். தனக்குச் சொந்தமில்லாத வசனத்தைச் சொல்கிற பிள்ளை பிழை விடப் பயப்படும், ஏனென்றால் சரி எது என்பது கொப்பிக்குத்தான் தெரியும். தன் தகப்பனின் வலையைப் பற்றிச் சொல்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் குறைவு. அந்த விசயத்தில் அவனுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அவன் சொல்ல, நான் கேட்கிறேன். மொழி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது. எங்கள் பிள்ளை ஒரு நாள் காலியில் இருந்து வரும் சிங்களப் பிள்ளையோடு அந்த மொழியில் கதைக்க வேண்டும். அப்போது "என் தகப்பன் வங்கி முகாமையாளர்" என்று ஒப்புவித்தால், மற்றப் பிள்ளையும் அதே பந்தியை ஒப்புவித்தால், எவரும் எவரோடும் இணையவில்லை. காலிப் பிள்ளையின் தகப்பனும் கடலுக்குப் போகிறவராக இருக்கலாம். அது அவர்கள் இருவருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஆகவே ஆசிரியர்களிடம் நான் கேட்பது இது. பாடத்தைப் பிள்ளையின் நாளில் இருந்து தொடங்குங்கள். முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு இருவரும் சேர்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவாருங்கள். தமிழ் வசனமும் ஆங்கில வசனமும் எங்கே பிரிகின்றன என்று கரும்பலகையில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒரு சொல்லைத் தனியே கொடுக்காதீர்கள், அது வருகிற வசனத்தோடு கொடுங்கள். ஒரு பிள்ளை கதைக்கும்போது மற்றப் பிள்ளை சிரித்தால், இலக்கணப் பிழையைவிட அதை முதலில் திருத்துங்கள்.

பெற்றோரே, இன்று இரவு பிள்ளையிடம் எத்தனை சொல் பாடமாக்கினாய் என்று கேட்காதீர்கள். "இண்டைக்கு என்ன நடந்தது? ஒரு வசனம் இங்கிலீஷில சொல்லு, கேப்பம்" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் காரியமில்லை, கேட்டால் போதும். பட்டியல் புத்தகத்தை எரிக்க வேண்டாம், அது ஒரு மூலையில் இருக்கட்டும். கொப்பியின் முதல் பக்கத்தில் மட்டும் உங்கள் பிள்ளை தன் வீட்டைப் பற்றித் தானே எழுதிய உண்மையான ஒரு வசனம் இருக்கட்டும்.